சப்பரம் தூக்குகிறவர்களும் சயாம் லாரியும்

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மாணவர்களைச் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துப் போக வந்த ஜப்பான் அதிகாரிக்கு, இடுப்பு வளையக் குனிந்து நன்றி சொன்ன ஆள் நான். பயத்தில் சொன்னதல்ல, பெருமையில் சொன்னது. அதற்குப் பிறகும் என்னை மாணவர் நலப் பிரிவில் வைத்து வேலை வாங்கி, ஓய்வு பெறும்போது மாலை போட்டு, இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படியும் கேட்டிருக்கிறார்கள். திருச்சபையின் மன்னிக்கும் குணம் எவ்வளவு பெரியது என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

உங்களுக்கு இன்றைக்கு ஆலோசனை அறை இருக்கிறது. புது மாணவர் வரவேற்பு வாரம் இருக்கிறது. கதவில் பெயர்ப்பலகை இருக்கிறது. அன்றைக்கு மலாயாவில், கெடா மாநிலத்துச் சுங்கைப்பட்டாணி மிஷன் விடுதியில் இது எல்லாமாகவும் இருந்தது இரண்டு பேர், மேட்ரனும் நானும். மேட்ரன் ஐம்பதைத் தாண்டிய அம்மாள். நோய், சாப்பாடு, ஒழுக்கம் மூன்றும் அவர் கையில். மிச்சம் ஏதாவது இருந்தால் அது என்னுடையது: விளையாட்டு, நாடகம், பாட்டு, திருநாள் ஏற்பாடு. விடுதியில் இருந்தவர்கள் ஆசிரியர் பயிற்சிக்கு வந்த வாலிபர்கள். பெரும்பாலும் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள். நான் அவர்களைவிட ஏழெட்டு வயது மூத்தவன். மூளையில் அந்த வித்தியாசம் தெரிந்ததாக நினைவில்லை.

யுத்தத்தில் ஜப்பான்காரன் வந்து மலாயாவைப் பிடித்ததும் பயிற்சி வகுப்பு நின்றது. ஜப்பான் மொழி படிக்கிறார்கள் என்ற பேரில் விடுதி மட்டும் தப்பித்தது. விடுதித் தலைவரான ஃபாதர் பினாங்குக்குப் போனவர், திரும்பி வர அனுமதிச் சீட்டு கிடைக்காமல் அங்கேயே மாட்டிக்கொண்டார். காலையில் முற்றத்தில் வரிசையாக நின்று 'தைசோ' என்ற உடற்பயிற்சி செய்தாக வேண்டும். அதை நடத்துவது என் வேலை. மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு, ராத்திரிக்கும் மரவள்ளிக்கிழங்கு. அரிசி என்ற சொல்லை நாங்கள் ஜெபத்தில் மட்டும்தான் கேட்டோம்.

இப்படி இருக்கும்போது, தைசோவைப் பார்க்க ஒரு அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. நன்றாகச் செய்யும் இடங்களுக்கு அரிசி மூட்டை தருகிறார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. எனக்கு அது போதும்.

நம் மிஷன் இடங்களின் பழக்கம் உங்களுக்கே தெரியும். ஆயர் வருகிறார் என்றால் அழகானதை எல்லாம் முன்னால் நிறுத்துவோம். இருமுகிறவன், நொண்டுகிறவன், கிழிந்த சட்டைக்காரன் எல்லாம் பின்னால். நானும் அப்படியே செய்தேன். திருநாளில் மாதா சப்பரம் தூக்கும் எட்டுப் பேர் எங்களிடம் இருந்தார்கள். வழிய வழியத் தேங்காய் எண்ணெய் தடவித் தலை சீவச் சொல்லி, அவர்களை முன்வரிசையில் நிறுத்தினேன். அதோடு விட்டேனா? தோள் தெரியட்டும் என்று சட்டையைக் கழற்றச் சொன்னேன்.

அதிகாரி வந்தார். கூடவே மொழிபெயர்க்க, கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் வந்தார். பையன்கள் அன்றைக்குச் செய்தது போல் தைசோவை டோக்கியோவிலேயே செய்திருக்க மாட்டார்கள். அதிகாரி முன்வரிசையை மெதுவாக நடந்து பார்த்தார். அந்தோணி என்பவனுக்கு முன்னால் நின்றார். சிடாம் கிரி பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, எட்டுப் பேரில் உயரமானவன். அதிகாரி அவன் மேல்கையைப் பிடித்து அழுத்திப் பார்த்தார்.

"பாகுஸ்," என்றார். மலாயில் 'நன்று' என்று அர்த்தம்.

நான் குனிந்து, மலாயிலேயே 'நன்றி ஐயா' என்றேன். "தெரிமா காசே, துவான்."

அதோடு வாயை மூடியிருக்கலாம். "வயிறார சோறு கெடச்சா இதைவிட பாகுஸா இருப்பாங்கன்னு சொல்லுங்க பாய்," என்றேன்.

பாய் சொன்னார். அதிகாரி சிரித்துவிட்டு நீளமாக ஏதோ பேசினார். பாய் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"என்ன பாய், அரிசி தர்றாராமா?"

"நல்ல சோறு கெடைக்குமாம் தம்பி."

"எப்போ?"

"எப்போன்னு கேக்காதே. எங்கேன்னு கேளு."

கேட்டேன்.

"சயாம்," என்றார் பாய். "முன்வரிசை மட்டும் போதுமாம். ஞாயிறு கழிஞ்சு லாரி வருது. ஆளு கொறஞ்சா உன்னையும் அந்த அம்மாவையும் கேப்பாங்க. நான் சொல்லிட்டேன், அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

சயாம் என்றால் என்ன என்று அன்றைக்குக் கெடாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தோட்டம் தோட்டமாக ஆட்களை ஏற்றிப் போயிருந்தார்கள். மூன்று மாத வேலை என்றார்கள். போனவர்களிடமிருந்து ஒரு வரி வரவில்லை, ஒரு ஆள் வரவில்லை. பெண்கள் மட்டும் தோட்டத்து லயத்து வீடுகளின் வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் நேரே அடுப்படிக்குப் போனேன். மேட்ரன் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், சட்டையைக் கழற்றச் சொன்னதைத் தவிர.

"சட்டைய ஏன் கழட்டச் சொன்னே?" என்றார். ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார்.

"எட்டுப் பேரையும் இன்னைக்கே ஓடச் சொல்லிடலாம் மேட்ரன்."

"எங்கே?"

"அவங்கவங்க தோட்டத்துக்கு."

"தோட்டத்துலதானே மொதல்ல புடிக்கிறான்."

"சரி, காலரான்னு கேட்ல பலகை மாட்டிடுவோம். நானே எழுதறேன். மண்டையோடுகூட வரையத் தெரியும்."

"ஜித்ரா பக்கம் தோட்டத்துல கணக்கெழுதற ஒரு கிராணி அப்படித்தான் சொன்னாராம். டாக்டரோட வந்து பாத்தாங்க. அந்தக் கிராணிக்கு இன்னும் எழுந்து நடக்க முடியல." கிழங்கைத் திருப்பி மறுபக்கம் உரித்தார். "பொய் வேணாம். நான் யோசிக்கிறேன். நீ பேசாம இருந்தாலே பெரிய ஒதவி."

பேசாமல் இருப்பது எனக்குத் தைசோவைவிடக் கஷ்டம். வெளியே போய்ப் பையன்கள் நடுவில் இரண்டு ஜோக் அடித்தேன். ஒருத்தனும் சிரிக்கவில்லை. முன்வரிசைக்காரர்களில் ஒருவன் மட்டும், "சார், எண்ணெய் தடவச் சொன்னதும் நீங்கதானே," என்றான். அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சும்மா சொன்னான்.

அன்று சாயங்காலம் மரவள்ளித் தோட்டத்தில் அந்தோணி என்னைத் தேடி வந்தான். கையில் மண்வெட்டி.

"சார், என்னைப் பத்திக் கவலப்பட வேணாம். நான் போறேன்."

"எங்கே?"

"சயாமுக்கு. அப்பா அங்கதான் இருக்கார்."

அவன் அப்பாவை அந்த வருட ஆரம்பத்தில் தோட்டத்திலிருந்து ஏற்றிப் போயிருந்தார்கள். அம்மா தனியாகப் பால் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"சயாம்னா என்ன, ஒங்க தோட்டம் மாதிரி நாலு லயம்னு நெனச்சியா? ஒவ்வொரு கதவாத் தட்டி அப்பா இருக்காரான்னு கேக்கறதுக்கு?"

"கேப்பேன் சார்."

"கண்டுபிடிச்சு?"

"அவருக்கு ஆஸ்துமா சார். பக்கத்துல ஒரு ஆள் இருந்தா, அவரு பங்கையும் சேத்து வெட்டலாம்லா."

மாட்டிக்கொள்ளும்போது நான் செய்வதைச் செய்தேன். "மொதல்ல இந்தப் பாத்திய வெட்டு, அப்புறம் சயாமை வெட்டலாம்," என்று சிரித்தேன். அவன் திரும்பிப் போய் அந்தப் பாத்தியை வெட்டி முடித்தான்.

அவன் அப்பா திரும்பி வரவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை மறைத்து வைத்து உங்களை அழவைக்கிற வேலை எனக்குத் தெரியாது. ஆனால் அன்று மரவள்ளித் தோட்டத்தில் அது அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். இந்தத் தொழிலில் நாம் முடிவெடுப்பதெல்லாம் தெரியாமல்தான். பின்னால் தெரிந்ததை வைத்து நம்மைப் புத்திசாலி ஆக்கிக்கொள்வது சுலபம். நானும் பலமுறை செய்திருக்கிறேன்.

ஞாயிறன்று, ஃபாதர் இல்லாததால் பூசை இல்லாமல் நடந்த ஜெபம் முடிந்ததும் மேட்ரன் என்னைக் கூப்பிட்டார். விடுதியின் கடைசி அறை நோயாளிகளுக்கானது. செமிலிங்கிலிருந்து வந்த ஒரு மாணவன் சின்னம்மை போட்டு அங்கே படுத்திருந்தான்.

"முன்வரிசை எட்டுப் பேரையும் இப்பவே அவனோட ரூம்ல படுக்க வை."

"அவங்களுக்கும் ஒட்டிக்குமே."

"ஒட்டட்டும். அம்மைலேருந்து எழுந்து வருவாங்க."

அவ்வளவுதான். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒனக்கு வந்திருக்கா?"

"இல்லை மேட்ரன்." எனக்கு அம்மை என்றாலே சின்ன வயதிலிருந்து நடுக்கம். செமிலிங்காரனை நான் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் நலம் விசாரிப்பேன், அதுவும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டு.

"அப்ப நீ வெளிய நில்லு. லாரி வந்தா ரெண்டே வார்த்த சொல்லு. உள்ள அம்மை இருக்கு. எட்டுப் பேரும் அவனோட படுத்திருக்காங்க. ரெண்டும் உண்மை. மூணாவதா ஒண்ணும் சேக்காதே, ஒன்னை மாதா பேரால கேட்டுக்கறேன்."

பையன்களுக்கு நான் போய்ச் சொன்னேன். ஏழு பேர் ஓடாத குறையாகப் போனார்கள். அந்தோணி ஒன்றும் பேசாமல் தலையணையை எடுத்துக்கொண்டு நடந்தான். பேசவில்லை என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அவன் மரவள்ளித் தோட்டத்தில் சொன்னதை மேட்ரனிடம் சொல்லவும் இல்லை. இருபது வயதுப் பிள்ளையின் வேகம், ஆறிவிடும் என்று நானே தீர்மானித்துவிட்டேன்.

லாரி வந்த அன்று காலையில் மேட்ரன் கேட்டில் வேப்பிலைக் கொத்து கட்டச் சொன்னார். மாதா சிலை இருக்கும் கெபிக்கு எதிரே, மிஷன் கேட்டில், மாரியம்மன் கோவிலில் கட்டுவது போல. "ஃபாதருக்குத் தெரிஞ்சா?" என்றேன். "தெரியட்டும். பினாங்குலேருந்து வந்து அவுக்கட்டும்," என்றார்.

அந்த வேப்பிலை அதிகாரிக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவர் அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். இரண்டு சிப்பாய்களும் வந்தார்கள். பாய் மட்டும் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். அவர் நாகூர்ப் பக்கத்துக்காரர். அந்த இலை என்ன சொல்கிறது என்று அவருக்குத் தெரியும்.

"தம்பி, இது நெசமா?"

"நெசம் பாய்."

"எவ்வளவு நெசம்?"

"உள்ள அம்மை இருக்கு. எட்டுப் பேரும் அவனோட படுத்திருக்காங்க." சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டேன். மூன்றாவது வார்த்தை தொண்டையில் குதித்துக்கொண்டிருந்தது.

பாய் வெளியில் நின்றபடியே கத்தி மொழிபெயர்த்தார். அதிகாரியின் முகம் மாறவில்லை. கையில் இருந்த பிரம்பால் பூட்ஸைத் தட்டிக்கொண்டே யோசித்தார். கொப்புளம் இல்லாதவர்கள் வெளியே வரட்டும் என்றார்.

மேட்ரன் முன்னால் வந்தார். "இன்னைக்கு இருக்காது. போற வழியில வரும். லாரில இருக்கிற அத்தன பேருக்கும் வரும். சொல்லுங்க பாய்."

பிரம்பு நின்றது. அதிகாரி சிப்பாய்களைப் பார்த்தார். ஒரு சிப்பாய் மெல்லக் கேட் பக்கம் நகர்ந்தான். முடிந்தது, போய்விடுவார்கள் என்று நினைத்தேன்.

அப்போது கடைசி அறைக் கதவு திறந்து அந்தோணி வெளியே வந்தான். சட்டை போட்டு, துணிமூட்டை கட்டி, பயணத்துக்குத் தயாராக வந்தான். நேரே அதிகாரி முன்னால் போய் நின்று குனிந்தான். தனக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போய்விட்டது, இனி வராது, தான் சயாமுக்கு வரத் தயார் என்று மலாயில் சொன்னான். புருவத்துக்குப் பக்கத்தில் இருந்த பழைய தழும்பைத் தொட்டுக் காட்டினான். அந்தத் தழும்பைத் தினமும் பார்த்தவன் நான். அது என்ன என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அதிகாரி தழும்பைப் பார்த்தார். பிறகு அறையைப் பார்த்தார். ஒருத்தன் நல்லபடியாக நடந்து வருகிறான் என்றால் மற்றவர்களுக்கு என்ன கேடு என்று அவர் நினைப்பது முகத்திலேயே தெரிந்தது. பிரம்பை அறை வாசலை நோக்கி நீட்டினார். "சமுவா," என்றார். எல்லாரும்.

உள்ளே ஒருவன் விசும்புவது முற்றத்துக்குக் கேட்டது. மேட்ரன் என்னைப் பார்த்தார். அவரிடம் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை என்பதை நான் முதல்முறையாகப் பார்த்தேன்.

அந்த நிமிடத்தில் நான் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். என் கால் அந்த அறைக்குள் போனது. செமிலிங்காரன் வாழையிலையில் படுத்திருந்தான். முகம் தெரியாத அளவுக்குக் கொப்புளம். அவனை அப்படியே வாரித் தூக்கினேன். உடம்பு அடுப்பாகக் கொதித்தது.

"சார், தண்ணி," என்றான்.

"தர்றேன்யா. கொஞ்சம் வெளிய போயிட்டு வந்துடுவோம்."

அவன் கன்னம் என் கன்னத்தில் உரச, நேரே லாரியைப் பார்த்து நடந்தேன். "பாய், துவான்கிட்ட சொல்லுங்க. இவனும் எங்க பையன்தான், நல்லா தைசோ செய்வான். இவனை மொதல்ல ஏத்திக்கச் சொல்லுங்க."

"நீ கிட்ட வராம சொல்லு தம்பி," என்றார் பாய். லாரியின் அந்தப் பக்கத்திலிருந்து குரல் மட்டும் வந்தது. "அங்கேருந்தே நல்லா கேக்குது."

நான் நிற்கவில்லை. சிப்பாய்கள் பின்வாங்கினார்கள். டிரைவர் யாரும் சொல்லாமலே இஞ்சினைக் கிளப்பினான். அதிகாரி பிரம்பை ஓங்கினார். அந்தப் பிரம்புக்கும் என் மூஞ்சிக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று அவர் அளப்பதைப் பார்த்தேன். ஓங்கிய பிரம்பு அப்படியே இறங்கியது. அந்த வருடங்களில் என்மேல் கோபப்பட்டும் என்னை அறையாமல் போன ஒரே ஜப்பான்காரர் அவர்தான்.

லாரி நகர ஆரம்பித்தது. அந்தோணி ஓடிப்போய்ப் பின்பலகையைப் பிடித்து ஒரு காலை ஏற்றினான். சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் அவன் நெஞ்சில் குத்தித் தள்ளினான். அவனும் அந்த அறையிலிருந்து வந்தவன்தானே. செம்மண்ணில் விழுந்தான். எழுந்து மறுபடி ஓடினான், மறுபடி தள்ளினார்கள். லாரி வளைவில் திரும்பும் வரை ஓடிவிட்டு, ரோட்டிலேயே உட்கார்ந்துகொண்டான். நான் போய்க் கூப்பிடவில்லை. என் கையில் செமிலிங்காரன் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்த லாரி காலியாகச் சயாமுக்குப் போகவில்லை. சந்தையிலிருந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்களை ஏற்றிக்கொண்டு போனது என்று பாய் பின்னால் சொன்னார். அவர்களுக்கு மேட்ரன் இல்லை. இதை நான் எந்த ஆண்டு விழாப் பேச்சிலும் சொன்னதில்லை. உங்களுக்கு எழுதுவதால் எழுதுகிறேன்.

விருந்தாளி வந்தால் பிள்ளைகளை எப்படி நிறுத்துவது என்று நீங்கள் கூட்டம் போட்டுப் பேசுகிறீர்களாம். வருகிறவர் எதற்கு வருகிறார் என்பதை முதலில் பேசுங்கள். என்னிடம் கற்றுக்கொள்ள அந்த ஒன்றுதான் உண்டு என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

மேட்ரன் என்னைப் பாராட்டவில்லை. காய்ச்சல்காரனை வெயிலில் தூக்கிக்கொண்டு போனதற்காகத் திட்டினார். இரண்டு வாரம் கழித்துச் சொன்னபடி அம்மை வந்தது, எனக்கும், முன்வரிசையில் சிலருக்கும். எனக்குத்தான் ஜாஸ்தி. இமைக்குள்கூட வந்தது. கண்ணாடியைப் பார்த்துவிட்டு, கொய்யாப்பழம் வேட்டி கட்டினது மாதிரி இருக்கிறேன் என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தேன், உதடு வலித்தது.

என்னைப் பார்த்துக்கொண்டது அந்தோணி. அம்மை வந்துபோன ஆள் அவன்தான் என்று மேட்ரன் அவனை விட்டிருந்தார். காலையில் வேப்பிலைத் தண்ணீரில் துணியை நனைத்து ஒத்தடம் கொடுப்பான். இளநீர் வெட்டி வாயில் ஊற்றுவான். அரிப்பெடுத்தால் வேப்பிலையால் தடவிவிடுவான். எல்லாம் கச்சிதமாகச் செய்வான், என் முகத்தை மட்டும் பார்க்க மாட்டான். மற்ற பையன்களின் வீட்டிலிருந்து ஆட்கள் வந்து வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒரு அம்மாள் உயிர்க்கோழி கொண்டுவந்தாள். சிடாம் கிரியிலிருந்து அந்தோணியின் அம்மாவும் வந்தாள். மகன் தலையைத் தடவினாள். லாரி போன ரோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

கொப்புளம் காய்ந்து முதல் தண்ணீர் ஊற்றுகிற அன்று எனக்குக் குஷியாக இருந்தது. பழைய வாய் திரும்ப வந்துவிட்டது. அவன் தலையில் தண்ணீர் ஊற்ற ஊற்ற நான் பேசிக்கொண்டே இருந்தேன்.

"என்னடா அந்தோணி, இத்தன நாளா ஒரு வார்த்த இல்ல. ஒன்னைக் காப்பாத்தப் போயி நான் இந்தக் கோலத்துல ஒக்காந்திருக்கேன். ஒரு நன்றியாவது சொல்லலாம்லா?"

அவன் சொம்பைக் கீழே வைத்தான்.

"உங்கள யாரு சார் கேட்டா?"